மதகு இல்லாத கடலும் இருபத்திரண்டு யாத்ரிகர்களும்

வழிகாட்டி என்பவர், யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போய், கேட்கிற கேள்விகளுக்கு முழிக்கிற பிராணி. வாயால் பிழைக்கும் என் சக துர்பாக்கியசாலிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எம்.ஏ. சரித்திரம் முதல் வருஷப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறைக்கு உத்திரமேரூர் வந்திருந்தேன். எங்கள் கடைத்தெருவில் ஒரு யாத்திரை ஏஜெண்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றி, கொழும்பிலிருந்து கதிர்காமம் வரை கடலோரச் சாலையிலேயே பஸ்ஸில் அழைத்துப் போவதாக நோட்டீஸ் அடித்திருந்தார். வழிநெடுக விளக்கம் சொல்ல ஆள் தேவை. நான் இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனால் புத்தகசாலையில் அதைப் பற்றி இருந்ததெல்லாம் படித்திருந்தேன். "ஒரு நடை பாக்கறேன். திரும்பி வந்து ஜனங்க உன்னப் பத்தி கொற சொன்னா, அடுத்த நடைக்கு கோதண்டம்தான்" என்றார் முதலாளி. கோதண்டம் அவருடைய மச்சான். 'மேனேஜர்' என்ற பட்டத்தோடு என்னைக் கண்காணிக்கவே கூட அனுப்பப்பட்டார். பெண்பிள்ளைக்கு எதற்கு உத்தியோகம் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

சேதியும் விவரமும்

கொழும்பைத் தாண்டியதும் டிரைவர் பியதாசாவின் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தேன். வாலாஜாபாத் அரிசி மில்காரர் முதல் வரிசை. வெள்ளையாக ஏதோ உருண்டையாகத் தெரிந்தது. என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி, "இன்னா மேனேஜர், அது இன்னா?" என்றார். கோதண்டம் என்னைப் பார்த்தார். "புத்த ஸ்தூபி" என்றேன். "புத்த ஸ்தூபிங்க" என்றார் கோதண்டம். "ஆங்!" என்று பஸ் முழுக்கத் தலையாட்டியது.

இப்படியே களுத்துறை வரை. ஆறு, பாலம், ரப்பர் தோட்டம் எல்லாமே என் வாயில் பிறந்து கோதண்டத்தின் வாயில் பெயர் பெற்றன. பொறுக்க முடியாமல், "ஐயா, நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்?" என்று கேட்டேன். மில்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: "நீ சொன்னா அது சேதிம்மா. ஆம்பள சொன்னாதான் வெவரம்."

ஆயக்கட்டு

பெந்தோட்டைக்கு அப்பால் ஒரு வளைவில் பியதாசா வண்டியை நிறுத்தினார். தென்னைகள் கரையிலிருந்து சரிந்து தண்ணீரைத் தொடுகிற மாதிரி நின்றன. கரையோரம் பச்சை, அதற்கப்பால் நீலம், அதற்கும் அப்பால் என்ன நிறம் என்று புத்தகத்தில் இல்லை. மூன்று பக்கத்துக்கு நான் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கத்துக்கு இதுதான் இடம். தொண்டையைக் கனைத்தேன்.

தாமல் மணியக்காரர் முந்திக்கொண்டார். அவர் ஊர் ஏரி பெரிய ஏரி. உலகத்தில் உள்ள தண்ணீரையெல்லாம் அதை வைத்துத்தான் அளப்பார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "மதகு எங்கம்மா கீது?" என்றார். கடலுக்கு மதகு கிடையாது என்றேன். "கலங்கல்?" மிச்சத் தண்ணீர் வழிகிற அந்த வழியும் கிடையாது. "ஆயக்கட்டு எவ்ளோ, எத்தினி ஏக்கரா பாயுது?" ஒரு குழி நிலம்கூடப் பாயாது, உப்புத் தண்ணீர் என்றேன். அவர் முகத்தில் வந்த இளக்காரத்தைப் பார்த்ததும் எனக்குக் கடலின் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும் போலிருந்தது. ஆவி, மேகம், பருவக்காற்று என்று கால்மணி நேரம் வாதாடி, "இந்தக் கடல் இல்லாவிட்டால் உங்கள் ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது!" என்று முடித்தேன். நியாயம் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கடைசில நம்ம ஏரிக்குத்தான் வந்து சேரப்போவுதுன்னா, இம்மாந்தூரம் வந்து இத இன்னாத்துக்குப் பாக்கணும்?"

விரதம்

இக்கடுவையிலிருந்து சாலை ஓரமெல்லாம் மீன் காயப்போட்டிருந்தார்கள். மில்காரர் மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். முருகனுக்கு விரதம் இருந்து வருகிறவர்களைக் கருவாட்டுக்கு நடுவே இழுத்துப் போவது மகா பாவம் என்றும், இந்தப் பாவம் வழிகாட்டியையே சேரும் என்றும் தீர்ப்புச் சொன்னார். 'முதலாளியிடம் சொல்கிறேன்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். நாலு ஆண்கள் உடனே மூக்கைப் பிடித்தார்கள். அதுவரை அவர்களுக்கு வாசனையே தெரியவில்லை.

அவர் மனைவி மரகதம் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீ கண்டுக்காத கண்ணு. ஞாயித்துக்கெயமன்னா வஞ்சிரம் இல்லாம எலைல குந்தாத மனுசன், இங்க வந்து மூக்க பொத்திக்கினு கீறாரு."

குடவோலை

காலிக் கோட்டை மதிலோரம் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். கடலைத் தொடாமல் போக வழி உண்டா என்று மில்காரர் பியதாசாவைக் கேட்டார். அவர் தன் அரைத் தமிழில், "உள்ளே ரோடு இருக்கு ஐயா. மீன் இல்லே. கடலும் இல்லே" என்றார். உடனே உள்வழி என்று ஒரு கட்சி, கடல்வழி என்று ஒரு கட்சி. பஸ் உள்ளே திரும்பினால், கடலோர யாத்திரை என்று நோட்டீஸ் அடித்த முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வது? கோதண்டம் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சண்டைக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சாட்சிக்கு இழுப்பார்கள். "குடவோல போட்ருவோம்" என்றார் மில்காரர். "ஆம்பளைங்க மட்டும். கல்வெட்டுல பொம்பள பேரு கீதா?" இல்லைதான். "முப்பத்தைந்து வயதாக வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது. உங்களில் யார் வேதம் சொல்லப் போகிறீர்கள்?" என்றேன். கோதண்டம் பாதி தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். பெண்களும் போடலாம் என்று ஆயிற்று. "இன்னொன்று, குடவோலையில் எண்ணுவதில்லை; குலுக்கி ஒன்றை எடுப்பதுதான் முறை" என்றேன். கல்வெட்டென்று வந்துவிட்ட பிறகு அவர்களால் மறுக்க முடியவில்லை.

பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் கடல்வழிக்குப் புளியங்கொட்டை, உள்வழிக்குக் கொட்டைப்பாக்கு. பித்தளைக் குடம் வந்தது. பாத்திரம் தேய்க்க மில்காரர் கூட்டிவந்த குப்பம்மா, பஸ்ஸின் கடைசியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவள், தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்கும் ஒரு கொட்டை கொடுங்கள் என்று சண்டை பிடித்தேன். "அவளுக்கு இன்னாத்துக்கு? அவ இன்னாத்த கண்டா?" என்றார்கள். சரி, எந்தக் கட்சியும் இல்லாதவள், அவளே எடுக்கட்டும் என்றேன். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கண்ணைக் கட்டாத குறையாக மூடச் சொன்னார்கள். குடத்துக்குள் கை போயிற்று. துழாவிற்று. வெளியே வந்த உள்ளங்கையில் புளியங்கொட்டை.

பஸ் கடல் பக்கம் திரும்பியபின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அதிர்ஷ்டம் குப்பம்மா" என்றேன். அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அதிஷ்டம் இன்னா அதிஷ்டம்! ஆயுசுக்கும் புளில கொட்ட எடுத்த கை இது. கண்ண மூடிக்கோன்னாங்கோ, கைய மூடிக்கோன்னு சொல்லலியே."

கோல் மேல் ஆண்கள்

வெலிகமையில் அலைக்கு நடுவே கோல் நட்டு, அதன்மேல் ஒரு குறுக்குக் கட்டையில் குந்தித் தூண்டில் போடுகிறார்கள். பத்துப் பதினைந்து பேர், கொக்கு மாதிரி. அந்தப் பொறுமையைப் பற்றி நான் உருகிப் பேசினேன். மரகதம் எட்டிப் பார்த்தாள். கரையில் பெண்கள் மீனைக் கூடையில் அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார்கள். மில்காரருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "இங்கியும் அப்டிதான் கீது. மேல குந்திக்கினு கீறது அவங்கோ, சொமக்கறது நாம."

தீர்ப்பு

கதிர்காமத்தில் தரிசனம் நன்றாக ஆயிற்று. அங்கே முருகனே வழிகாட்டி, எனக்கு வேலையில்லை. ஊர் திரும்பியதும் முதலாளி கடை வாசலில் எல்லோரையும் உட்கார்த்தி வைத்துக் காபி கொடுத்து, குறை உண்டா என்று கேட்டார். மில்காரர் விரல் விட்டு எண்ணினார்: வாயாடி, பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறது, கருவாடு, பொம்பளைகளுக்கு இடம் கொடுத்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கோதண்டம் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன், ஆனால் நான் திறந்தால் முதல் குறை நிரூபணமாகிவிடும் என்று மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அரிய நிமிஷம்.

தாமல் மணியக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "கொறதான், நெறைய கீது. வழி பூரா எங்கிட்ட சண்ட. ஒரு பேச்சு வுட்டுக் குடுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நம்ம கோதண்டம் பேசனா பஸ்ல எல்லாம் தூங்கிடும். தூங்கறதுக்கு எங்க வூட்லயே கட்டில் கீது, கப்பல் ஏறணும்னு இன்னா? ஆடி மாசம் எம் மச்சினி வூட்டு ஜனம் ஏழு பேரு வராங்கோ. அந்தப் பொண்ணு சண்டைக்கு வந்தா வராங்கோ, இல்லன்னா இல்ல." முதலாளி மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டீஸ் கட்டை என் பக்கம் தள்ளினார்: "ஆடிக்கும் நீயே போயிட்டு வா. சண்ட மட்டும் கொறைக்காத."

இப்படி நாலு நடை போய்வந்தாயிற்று. இலங்கைக் கடற்கரை எப்படி இருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வழி முழுக்க முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு பயணிகளைப் பார்த்தபடியே நிற்பதுதான் வழிகாட்டியின் உத்தியோகம்.