எந்த ஓம்?

இராசநாயகம் அண்ணர் இறந்த செய்தியை என் லிங்கநகர் வீட்டுக்கு வந்து சொன்னவர், எங்களோடு வேலை செய்த ஹனீபா. "அக்கா, நம்மட அண்ணர் விடியக்காலம் போயிட்டாரு."

"ஓம், ஓம்" என்றேன். அந்தச் சொல்தானா வாயில் வரவேண்டும் என்று உடனே கூசியது.

அண்ணர் விமானத்தளப் பொறுப்பாளர். நான் அடுத்த அறையில், வானிலைப் பகுதியில். 'ஆம்' என்பதற்கு அவர் வெறும் 'ஓம்' சொல்லமாட்டார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலும் "ஓம், குடிப்பன்" என்பார். "அண்ணர்ட ஓமுக்கு எப்பவும் ஒரு வால் இருக்கும்" என்று ஹனீபா பகிடி பண்ணுவார்.

அந்த வால் முளைத்த கதை இது. இரண்டு எஞ்சின் விமானம் கடலைக் கடப்பதானால், ஒன்று நின்றாலும் மற்றதோடு ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்க ஒரு தளம் இருக்கவேண்டும். புதிய கடல்வழி ஒன்றுக்கு எங்கள் ஓடுபாதையை நம்பலாமா என்று கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் விசாரித்தார். அவரும் தமிழர். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக அண்ணர் "ஓம்... ஓம்..." என்றார். திருத்த வேலைக்காகப் பாதையைக் கிண்டிப் போட்டிருக்கிறது என்று சொல்லுமுன் இணைப்பு அறுந்துவிட்டது; அவர்களே திரும்ப எடுப்பார்கள் என்று இருந்துவிட்டார். அந்தப் பக்கம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. விமானம் எங்கள் தலைக்கு மேலால் போனபோதுதான், தன் ஓமை நம்பி அது போகிறது என்று அவருக்கு விளங்கியது. சத்தம் தேயும்வரை கிண்டிய மண்ணருகே நின்றார்.

"ஒண்டும் நடக்கேல்லத்தானே, அண்ணை" என்றேன்.

"நடக்காதது எங்கட கெட்டித்தனமோ, தங்கச்சி?"

தவறைத் தானே மேலிடத்துக்கு அறிவித்தார். பதவி உயர்வு போயிற்று.

ஓய்வுபெற்று நிலாவெளியில் இருந்தவரிடம், அந்த ஒரு மணித்தியாலத்தை நீட்டலாமா என்று வெளிநாடுகளில் ஆராய்வதாகச் சொன்னேன். "எஞ்சினைச் சோதிப்பினம், சரி. கீழ நிண்டு ஓம் சொல்லுறவனை ஆர் சோதிக்கிறது?" என்றார்.

போன மாதம் கடைத்தெருவில் கண்டபோது மெலிந்திருந்தார். "ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்கோவன்" என்றார்.

"ஓம், ஓம்."

"எந்த ஓம்?"

சிரித்து மழுப்பினேன். நிலாவெளி பஸ் தினமும் ஓடியது, நான் ஏறவில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் வாசற் படலையைத் திறந்துவைக்கச் சொன்னாராம். செத்தவீட்டில் அவருடைய மனைவி சொன்னார். குறை சொல்லும் குரலில் அல்ல. அதனால் இன்னும் தலைகுனிந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்விதான். புறப்படும்போது அவர் மனைவி படலை வரை வந்து, எட்டாம் நாள் சடங்குக்குக் கூப்பிட்டார்.

"எட்டுச் செலவுக்கு வருவீங்களோ?"

"ஓம்" என்றேன். பிறகு, "வருவன்."