டைட்டா, லூஸா?

என் உடம்பு இளைத்துக்கொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர் சேகர். அதுவும் என் முகத்தைப் பார்த்து அல்ல, காலில் கட்டும் கயிற்றைப் பார்த்து.

முட்டுக்காடு உப்பங்கழியை ஒட்டிய ஒரு நீர்விளையாட்டு கிளப்பில் அவர் படகோட்டி. நான் அங்கே வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். அவரிடமே நீர்ச்சறுக்கு கற்றுக்கொண்டேன், பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். நான் பழகியது ஸ்லாலம். ஒரே பலகையில் இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாக வைத்து, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும். பாதத்தைப் பலகையோடு பிடித்துவைக்கும் ரப்பர் காலணிக்கு பைண்டிங் என்று பெயர். பலகையைத் துடைப்பது, ஸ்க்ரூக்களை முடுக்குவது, என் காலைப் பொருத்திக் கயிறு கட்டுவது எல்லாம் சேகர்தான். நான் கேட்டதில்லை. அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அன்று பைண்டிங்கின் கயிற்றை இழுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"இன்னா கல்பு, காலு இப்டி சூம்பிப் போய்க்கீது? ரெண்டு பக்கமும் முட்டிக்கினு நிக்குது பாரு."

கயிறு கட்டியதும் எப்போதும் இரண்டு விரல் இடைவெளியோடு நிற்கும் பைண்டிங்கின் வாய் முழுவதும் மூடியிருந்தது. வெயிலில் சாப்பாடு இறங்கவில்லை என்றேன். முதல் மிதவையைச் சுற்றும்போதே முன்கால் கழன்று தண்ணீரில் விழுந்தேன். படகைத் திருப்பிக்கொண்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

தினமும் மாலையில் லேசாகக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, வலியில்லாத ஒரு கட்டி. மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது) செய்தார்கள். லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) என்று முடிவு வந்தது.

புற்றுநோய் மருத்துவர் நிதானமாகப் பேசுகிற நடுவயதுப் பெண்மணி.

"இது மருந்துக்கு நல்லாக் கேக்கிற வகைம்மா. கீமோவ முழுசா முடிக்கணும். முடி கொட்டும். கை கால் மரத்துப் போகலாம். அப்படி இருந்தா உடனே சொல்லணும், மறைக்கக் கூடாது."

சேகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பொழைச்சுக்குமா மேடம்?"

"பொழைப்பாங்க. நீங்க உங்க உடம்பையும் பாத்துக்கோங்க. சாப்பிடாம அலையாதீங்க."

அதை ஒரு உபசார வார்த்தையாகத்தான் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

கீமோ எடுத்தவர்களுக்கு அந்த மாதங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாயில் உலோகச் சுவை, தலையணை முழுக்க முடி, சாம்பார் தாளிக்கும் வாசனைக்கே குமட்டல். எனக்கு அவற்றைவிடப் பெரிதாக நடந்தது காலில்தான். ஒரு நாள் மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, மாடியேறி, கதவைத் திறந்த பிறகே ஒரு செருப்பு காலில் இல்லை என்று பார்த்தேன். எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

இது புறநரம்புப் பாதிப்பு (கை கால்களின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் மருந்தால் பழுதாவது) என்றார் மருத்துவர். மருந்தின் அளவைக் குறைத்தார். சிலருக்கு உணர்வு திரும்பி வரும், சிலருக்குப் பாதிதான் வரும் என்றார். எனக்குக் கணுக்காலுக்குக் கீழே வரவேயில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். சேகர் எனக்கு இதையெல்லாம் பழக்கினார். தினமும் என் பாதங்களை மடியில் வைத்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்ப்பார். எனக்கு அவர் தொடுவது தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் நோயின் தடயம் இல்லை. மெல்ல உடம்பு தேறியதும் மறுபடி சறுக்கலாமா என்று கேட்டேன்.

"தெம்பு வந்திருக்கு, ரத்த அணுக்களும் சரியா இருக்கு. ஆனா கால்ல அடிபட்டா உங்களுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போங்க," என்றார் மருத்துவர்.

வழி பண்ணுவதில் இறங்கினார் சேகர். சறுக்குப் பலகை எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. பைண்டிங்கைப் பலகையோடு இணைக்கும் அலுமினியத் தகடு உப்புத் தண்ணீரில் அரித்திருந்தது; அதைக் கழற்றி, ஈக்காட்டுத்தாங்கலில் தெரிந்த பட்டறையில் புதிதாக வெட்டி, துளை போட்டு வந்தார். பின்காலுக்கு இருந்த முழுக் காலணியை எடுத்துவிட்டு, முன்பாதத்தை மட்டும் பிடிக்கும் ரப்பர் பட்டையை மாட்டினார். விழும்போது பின்கால் தானாக வெளியே வந்துவிட வேண்டும், மாட்டிக்கொண்டால் கணுக்கால் முறியும் என்றார். பலகையின் அடியில், வால் பக்கம், திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஃபின் என்ற சிறு தகடு இருக்கிறது. என் எடை குறைந்திருக்கிறதே, அதையும் நகர்த்தலாமா என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துல ரெண்ட மாத்தாத. அப்பால எதுல கோளாறுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருப்போம்."

முன்காலைப் பொருத்தும்போதுதான் சிக்கல் வந்தது.

"டைட்டா கீதா, லூஸா கீதா?"

"தெரியல."

கயிற்றை இழுத்தார். "இப்போ?"

"தெரியல, மாமா."

தளர்த்தினார். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை அழுதுவிட்டேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு, தரையில் என் எதிரே உட்கார்ந்தார்.

"சரி, காலைக் கேக்காத. கண்ணைக் கேளு, கையைக் கேளு."

பைண்டிங்கின் திறந்த முனையில் நீட்டியிருந்த கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் காட்டினார். வெளுத்த நகம் உடனே சிவந்தால் சரி, தயங்கினால் இறுக்கம். போடும் முன் உள்ளங்கையை உள்ளே விட்டு மணல் இருக்கிறதா என்று தடவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூக்களை அசைத்துப் பார்க்க வேண்டும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் ரப்பர் விறைத்துவிடும். பிறகு அவர் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் காலை முறுக்கினேன். குதிகால் வழுக்கி வெளியே வந்தது.

"அவ்ளோதான். சனிக்கெழம போலாம்," என்றார். அவர் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை பலகையைத் தோளில் வைத்து இறங்கியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தேய்த்தார்.

"ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபுளு."

முகம் சரியில்லை. ஆட்டோவை நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு, என் மருத்துவமனைக்கே கூட்டிப்போனேன். அவசரப் பிரிவு வாசலில் இருந்த ஊழியர் என்னை அடையாளம் கண்டு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அப்போதுதான் என் தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. நாற்காலியை என் பின்னால் கொண்டுவந்து வைத்து, "உக்காருங்கம்மா," என்றார்.

சேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது அவருக்கு.

"அது இல்லண்ணா, நான்தான் பேஷண்டு."

அவர் பேசிக் கடைசியாக நான் கேட்டது அது. மாரடைப்பு (இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது). உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த கிளப் படகோட்டி பாபு என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு மூணு வாட்டி இப்டித்தான் நெஞ்சப் புட்ச்சிக்கினு குந்திட்டாருக்கா. கீமோ முடியட்டும், காட்டிக்கிறேன்னாரு. முடிஞ்சப்புறம், மொதல்ல அது தண்ணில எறங்கட்டும்னாரு."

அன்று மதியமே உடலை எடுத்தார்கள். தெருமுனை வரை நானும் நடந்தேன், அங்கேயே நின்றேன். சாயங்காலம் நாத்தனார் மல்லிகா என் புடவையை மாற்றிவிடக் குனிந்தவள் அலறினாள்.

"அய்யோ அண்ணி, காலு வெந்து போய்க்கீதே! ஒனக்குத் தெர்லியா?"

தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம். எனக்குத் தெரியவில்லை. அவர் போன நாளில் வெந்த கால்கூட எனக்கு வலிக்கவில்லையே என்பதை இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

புண் ஆற நெடுநாள் ஆனது. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் முட்டுக்காடு போனேன். உள்ளங்கையால் தடவினேன், ஸ்க்ரூக்களை அசைத்தேன், நகத்தை அழுத்தினேன். பாபு படகை ஓட்டினான். எழுந்து நின்றுவிட்டேன். பாதத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது முழங்காலில்தான் தெரிந்தது. இரண்டு மிதவைகளைச் சுற்றினேன், மூன்றாவதில் விழுந்தேன். இரண்டு கால்களும் கழன்று வந்துவிட்டன.

"அடி பட்ச்சாக்கா?" என்று பாபு கேட்டான். காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்த பிறகே இல்லை என்று சொல்ல முடிந்தது. சேகர் செய்த வேலை சரியாக இருந்தது. அதை அவரிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

பிறகும் சில முறை போனேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை.

நோயாளியோடு வருபவர்களே, காத்திருக்கும் நேரத்தில் உங்கள் நெஞ்சையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் குணமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். சாவுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். என்னுடையதற்கு.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எல்லாம் சரியாக இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்மா. கூட யார் வந்திருக்காங்க?"

"நான் மட்டும்தான் மேடம்."

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே லிஃப்டுக்குக் கூட்டம் நின்றது. நல்ல செய்தியை ஓடிப்போய்ச் சொல்ல யாரும் இல்லாததால் படியில் இறங்கினேன். கைப்பிடியைப் பற்றி, பாதம் பதிந்ததா என்று ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்த்தபடி. எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.