நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்

பாங் தொக்சுவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு முழங்கால்களிலும் வாதம். இவை இல்லாதிருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான். வியாதி இருப்பதால்தான் எங்கள் கொரிய முதியோர் பகல் நிலையத்தின் வேன் வாரம் ஐந்து நாளும் காலை ஏழரைக்கு அவர் வாசலில் வந்து நிற்கிறது. பாட்டு, ஆட்டம், சீட்டு, மதியம் சோயா விழுது சூப்போடு சுடச்சுடச் சோறு. லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து முப்பத்தாறு வருடம் சலவைக் கடை நீராவியில் வெந்தவர், சந்தோஷம் என்றால் என்னவென்று எழுபத்தெட்டாம் வயதில்தான் பார்த்தார்.

வந்தது வினை. ஆடி ஆடி ஆள் தேறிவிட்டார். தேறியவர்களுக்கு நிலையத்தில் இடம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பரிசோதித்து, யாருக்கு எத்தனை நாள் என்று எழுதிவிட்டுப் போவாள்.

"நல்லா முனகுங்க. பகல் பூரா நீங்க வீட்ல இருந்தா நான் நோயாளி ஆயிடுவேன்" என்று சொல்லி அனுப்பினாள் மனைவி.

நர்ஸ் யூனிஸ் இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியப் பெண். "கையை ஊனாம எழுந்து நில்லுங்க ஐயா."

"எங்கம்மா முடியுது? உக்காந்தா உக்காந்ததுதான்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொக்சு முனகியது நடைவரை கேட்டது. யூனிஸ் இரக்கத்தோடு 'ஐந்து நாள்' என்று எழுதினாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, நிலையத்துக்கு வரும் இன்னொரு முதியவரான மெங் கியோங்ஹோ வந்தார். தொக்சுவுக்கு மூன்று வயது மூத்தவர். மூத்தவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்க எங்களில் யாருக்கும் வராது. தொக்சு விருட்டென்று எழுந்து, இடுப்புவரை குனிந்து வணங்கி நிமிர்ந்தார்.



"இது கால் செஞ்சது இல்லம்மா" என்றார் தொக்சு, நின்றபடியே. "வளர்ப்பு செஞ்சது."

யூனிஸும் பாதி எழுந்திருந்தாள். "அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லையே ஐயா" என்று உட்கார்ந்து, ஐந்தை அடித்து மூன்றாக்கினாள்.

வெளியே வந்ததும் தொக்சு பொரிந்தார். "அண்ணே, அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?"

"வெளியிலதான்டா நின்னேன். நீ முனகின முனகல்ல, உனக்கு உசுரே போகுதுன்னு பதறி ஓடி வந்தேன்."

"போச்சு. இனிமே செவ்வாயும் வியாழனும் நான் வரப்போறதில்ல."

மெங்கின் முகம் சுருங்கிவிட்டது. "உன்னை விட்டா இங்க எல்லாரும் எனக்கு மூத்தவனுங்கடா. அந்த ரெண்டு நாளும் எனக்கு எந்திரிக்க ஆளே இல்ல. நான்தான் எல்லாருக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு சாகணும்."