உறைந்துபோன மருந்து

திருமானூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு, ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போட வந்தார்கள். முந்தின மழையில் அந்த நோய்க்கு நாலு ஆடு பலி கொடுத்தவன் நான். மிச்சம் ஆறு.

ஊசிக்காரர் பெட்டியில் மருந்துப் புட்டி பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. இளகியபின் குலுக்கினார். பாலாக நிற்க வேண்டியது திப்பிதிப்பியாக அடியில் இறங்கியது. உறைந்தால் மருந்துத் துகள்கள் கட்டிக்கொள்ளும், உடம்பின் காவல் அணுக்களால் அவ்வளவு பெரியதைச் சரியாக விழுங்க முடியாது என்று ஒரு மாட்டு டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"உறைஞ்ச மருந்து கேக்காதுங்க," என்றேன்.

"எத்தனாவது படிச்ச?"

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது எனக்குப் பாடம் எடுக்குது பாரு! ஆட்டப் புடிய்யா."

ஆடுகளோடு நின்ற வரிசையே சிரித்தது.

"என் ஆட்டுக்கு வேணாம்."

"செத்தா எங்கிட்ட வந்து நிக்காத."

ஆறையும் ஓட்டிக்கொண்டு சிரித்தவர்கள் நடுவே நடந்தேன். அவர்களில் ஒருவரோடும் இன்றுவரை நான் பேசுவதில்லை.