அடைப்பில்லாத நெஞ்சில் அக்காவுக்கு இருந்த வலி

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். தங்கையான என்னை ஆசிரியையாக்கிப் பார்த்தார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதும்படி அவருடைய கணவரான அத்தான் கேட்டுக்கொண்டார். எழுதலாம். பசியென்று வந்தவரை அக்கா வெறுங்கையோடு அனுப்பியதில்லை, யாரையும் கடிந்து பேசியதுமில்லை. ஆனால் அவருக்கு நேர்ந்ததை எழுதாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தர எனக்கு மனம் வரவில்லை.

மேட்டு மலையில் கொழுந்து எடுக்கும்போது அக்காவுக்கு நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். குளிர்காற்று அடித்தால் இன்னும் மோசம். கண்டி ஆஸ்பத்திரியில் இருதயக் குழாய்களைப் படம் பிடிக்க நாள் கொடுத்தார்கள். பயந்துபோன அம்மா, "எம்புள்ளைக்கு ஒன்னும் இருக்கக்கூடாது தாயே, தீச்சட்டி எடுக்க வைக்கிறேன்" என்று தோட்டத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டார். படத்தில் அடைப்பு இல்லை என்று வந்தது. லயமே கொண்டாடியது. திருவிழாவில் அக்கா மஞ்சள் சேலை கட்டித் தீச்சட்டி எடுத்தார். நேர்த்திக்கடன் தீர்ந்தது.

வலி தீரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

"ஆத்தா கொணமாக்கிட்டாங்கன்னு தோட்டத்துக்கே தெரியும். இப்ப போயி வலிக்குதுன்னா சாமிகுத்தமாயிரும்டி" என்று பெற்ற தாயே வாயை அடைத்தார்.

"ரிப்போட்டு நல்லாத்தானம்மா இருக்கு? அப்பறம் மலைக்கு வந்தா மட்டும் ஏன் வலிக்குது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கங்காணி சிரித்தார். வேலைக்கள்ளி என்று பெயர் வந்தது. ஓடியாடி உழைத்தவருக்கு இந்தப் பெயரா! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இழுக்காத குறையாக நுவரெலியாவில் வேறொரு இருதய மருத்துவரிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டு, இன்னும் சில பரிசோதனைகளும் செய்தபின் சொன்னார்:

"அந்தப் படத்துல பெரிய குழாய்தாம்மா தெரியும். அதுலருந்து மயிரிழை மாதிரி பிரியிற சின்னக் குழாயெல்லாம் தெரியாது. உங்களுக்கு அதுங்கதான் சரியா விரியல. மேடு ஏறுறப்ப இருதயத்துக்கு ரத்தம் பத்தாமப் போகுது. வலி நெசம். வந்தா அந்த எடத்துலயே உக்காந்துருங்க. மருந்த விட்றாதீங்க."

அக்கா அங்கேயே அழுதுவிட்டார். "நான் பொய் சொல்லலன்னு இவங்களாவது சொன்னாங்களே" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மருந்தில் வலி குறைந்தது. ஆனால் யாராவது பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று மாத்திரைகளை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தார். நான் லயத்தில் காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கினேன். "டீச்சரம்மா ஆத்தாவுக்கே பாடம் எடுக்குது" என்ற கேலிதான் கிடைத்தது.

ஆடி மாதம், காற்றும் மழையுமான ஒரு காலை. மேட்டு மலையில் அக்கா அசையாமல் நின்றுவிட்டாராம். பக்கத்து நிரையில் நின்ற பெண், "உக்காருங்கக்கா" என்றிருக்கிறாள்.

"வேணாம்டி, கங்காணி பாக்குறாரு. எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்லிக் கொழுந்தில் கைவைத்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அக்காவை மலையிலிருந்து தூக்கிவந்த பெண்களுக்கும், லொறி கொடுத்து உதவியவருக்கும், துக்க வீட்டில் சமைத்துப் போட்ட அயலவருக்கும், கடைசிவரை தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அன்று துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே இருந்தாங்க, திடீர்னு என்னாச்சு?" என்று கேட்டீர்கள். அப்போது அழுகையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அக்கா நன்றாக இருக்கவில்லை. அதை உங்கள் எல்லோரிடமும் சொன்னார்.