நாற்பது ஊதாப் பிரதிகள்

என் நாட்குறிப்பின்படி இது தொடங்கியது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். ஜொகூர் பாருவின் தமிழ் வாசகசாலையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தைப் பதினான்கு நாள் தவணையில் எடுத்து வந்திருந்தேன். அதைப் படித்த தோட்டப் பள்ளி வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கிராணியாரே, இதுல மூணு கத புள்ளைங்க கையில இருந்தா போதும். நாப்பது புள்ளைக்கி ஒரே புத்தகம்னா, நான் படிக்க, அதுங்க கொட்டாவி விடும்."

நகலெடுக்க ஒரு வழி எனக்குத் தெரியும். ஊதா மையில் எழுதிய தாளைத் தட்டில் உறைந்த பசைமேல் ஒற்றினால் எழுத்து பசையில் இறங்கிவிடும். அதன்மேல் வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கலாம். பசை கிடைக்காததால் வாத்தியாரின் மனைவி, கடற்பாசியில் இனிப்புக் கட்டி செய்யும் அகர் அகரைக் காய்ச்சினார். காய்ச்சும்போது சீனியையும் கொட்டிவிட்டார்.

"தீவாளிக்குக் காய்ச்சுற கையி, அண்ணே. அது பாட்டுக்குப் போட்டுடுச்சி. எறும்பும் கத படிக்கட்டுமே."

பக்கத்துக்கு ஒரு தட்டு. நான் முதல் பக்கத்திலிருந்து ஓர் எழுத்து விடாமல் எழுதித் தள்ளினேன். வாத்தியார் ஒற்றினார், பிள்ளைகள் உலர்த்தினார்கள். நான்காம் நாள் பள்ளியில் ஊதாவாகாத மூக்கு ஒன்றுகூட இல்லை.

பதின்மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பப் போனேன். வாசகசாலைச் செயலாளர் என் விரல்களைப் பார்த்தார்.

"இது நாவப்பழ சீசன் இல்லையே, கிராணியாரே."

எனக்குப் பொய் வராது. பையிலிருந்த பிரதி ஒன்றை நீட்டினேன். அவர் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்: உரிமை ஆசிரியருக்கே, அனுமதியின்றிப் பதிப்பிப்போர் வழக்குக்கு உள்ளாவர். என் குண்டு கையெழுத்தில், ஊதா மையில், அந்த எச்சரிக்கை நாற்பது பிரதியிலும் இருந்தது.

சிரித்ததில் அவர் மூக்குக் கண்ணாடி மேசையில் விழுந்தது. "திருடப் போனவன் காவக்காரனையும் தோள்ல தூக்கிட்டு வந்த கதையால்ல இருக்கு." கண்ணாடியை மாட்டியதும் குரல் மாறியது. "ஆசிரியருக்கு எழுதுங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் உங்க தோட்டத்துக்குப் புத்தகம் கிடையாது. நாப்பதையும் கட்டி வைங்க."

அன்றே மன்னிப்புக் கடிதத்தோடு ஒரு பிரதியைக் கப்பல் தபாலில் தமிழ்நாட்டுக்கு அனுப்பினேன். மீதி முப்பத்தொன்பதும் வாத்தியார் வீட்டு அலமாரியில் கிடந்தன. பாதிக் கதையில் நின்ற பிள்ளைகள் தினமும் வந்து முடிவு கேட்டார்கள். வாத்தியார் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்.

நாற்பத்தாறாம் நாள் ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்துக. விற்க வேண்டாம். என் நூலை இத்தனை கவனமாக எவரும் படித்ததில்லை. தாளில் ஒட்டியிருந்த எறும்பும் நலமாக வந்து சேர்ந்தது."

கார்டைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அன்று மாலையே அந்த அனுமதியை நகலெடுத்து ஒவ்வொரு பிரதியிலும் எச்சரிக்கைக்குக் கீழே ஒட்டத் தீர்மானித்தோம். அகர் அகரில் சீனி வேண்டாம் என்று வாத்தியாரின் மனைவியிடம் மூன்று முறை சொன்னேன்.

போட்டுவிட்டார்.