பூப்போட்ட துணிக்கடியில் பேஸ் பெட்டி

2001ஆம் ஆண்டு மே 27, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போலக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடங்களை நிரப்பினாள், நான் வாசல் தெளித்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா குளித்துவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு படுத்தார். அத்தை கம்பெனிச் சீருடையைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் லைன் வீட்டில் பெரும்பாலான ஞாயிறுகள் இப்படித்தான் தொடங்கும். அன்று கூடுதலாக இருந்தது ஒன்றுதான். பத்தரை மணிக்கு அத்தையைப் பெண் பார்க்கத் தருமபுரியிலிருந்து வருவதாக இருந்தார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு மணப்பாறைப் பக்கத்திலிருந்து அண்ணனோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவுக்குத் தொழிலாளர்களே ஒரு பாட்டுக் குழு அமைத்தபோது, யாரும் தொடாமல் கிடந்த, அடிச் சுரங்களுக்கான பேஸ் கிடாரை அவள் எடுத்துக்கொண்டாள். விழா முடிந்த பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஊரிலிருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வரவேற்புகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசிக்கப் போனாள்.

கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் அதற்கும் பிறகு வந்தது. முதலில் மைக்செட்காரர்தான் அவளுடைய கிடாரைத் தன் மிக்ஸரில் சொருகிக்கொள்வார். பாடுகிறவர்களின் சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் அத்தையின் சத்தத்தைத்தான் முதலில் குறைப்பார். தான் வாசிப்பது தனக்கே கேட்காமல் முழுக் கச்சேரியையும் முடித்த நாட்கள் உண்டு என்று அவள் சொல்லியிருக்கிறாள். பெங்களூரில் ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய ஆம்பை வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாள். ஒரு ஸ்பீக்கர், அதற்கு மேலே வரிசையாகக் குமிழ்கள், தூக்குவதற்கு ஒரு கைப்பிடி, எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். அளவில் அரிசி டின்தான், கனம் மட்டும் அதைவிட அதிகம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே பெட்டி. வந்த அன்று அத்தை சத்தத்துக்கான குமிழை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அதை யாரும் அவளைக் கேட்காமல் குறைக்க முடியாது.

அப்பாவுக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அவர் பகலில் தூங்குவார். அத்தை செகண்ட் ஷிஃப்டில் இருந்தால் அதே பகலில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகுவாள். எவ்வளவு குறைத்து வைத்தாலும், ஒரு குறிப்பிட்ட அடிச் சுரம் வந்தால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். “ஏம்மா, டம்ளரெல்லாம் எந்திரிச்சு நடக்குதும்மா” என்பார் அப்பா, படுத்தபடியே. அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

ஆனால் பெட்டியை மறைக்க வேண்டும் என்று சொன்னது அப்பா அல்ல, அத்தைதான். முன்பு வந்த இடங்களெல்லாம், மேடையில் வாசிக்கிற பெண் என்று தெரிந்ததும் விலகிவிட்டிருந்தன. இந்த மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. போட்டோவைப் பார்த்து அத்தைக்கும் பிடித்திருந்தது. இதுவும் கைநழுவிப் போவதை அவள் விரும்பவில்லை.

“இன்னிக்குச் சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் ஒத்துக்கிட்டாச்சு. அதோட நிறுத்திக்கிறேன். பெட்டிய கீபோர்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடறேன்” என்றாள்.

அம்மா, “நல்லாத்தானடி வாசிக்கிற” என்று மட்டும் சொன்னாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பின்னறையில் அடுப்பும் கட்டிலும் போக இடமில்லாததால், பெட்டி முன்னறை மூலையிலேயே இருந்தது. அதன்மேல் அம்மா பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, நடுவில் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்தாள். நான் தள்ளி நின்று பார்த்து, ஸ்டூல் மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் திருப்தியடைந்தோம்.

பத்தரைக்கு யாரும் வரவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி வேன் நின்றுவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. அம்மா பஜ்ஜியை ஒருமுறை சுட்டு, ஆறிப்போனதை எனக்குத் தந்து, மறுபடியும் மாவு கரைத்தாள். மூன்று மணிக்கு மேல் அவர்கள் வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா கொடுத்த நாற்காலிகளையும் சேர்த்துப் போட்டும் ஒரு நாற்காலி குறைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல ஆகிருதி உள்ளவர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நான் இதுலயே குந்திக்கறேன், நீங்க சிரமப்படாதீங்க” என்று பூச்சாடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மா என்னைப் பார்த்தாள். நான் பூச்சாடியைப் பார்த்தேன்.

அதைத் தவிர எல்லாம் முறைப்படியே நடந்தது. அத்தை காபி கொண்டுவந்து கொடுத்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேரே பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே கடிகாரத்தை அத்தையும் வேறொரு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பகலிலேயே போய்விடுவார்கள் என்று நம்பி, குழுவின் டெம்போவை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள்.

டெம்போ சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் ஹாரன் சத்தத்தோடு சத்தமாக, “அக்கா, பாக்ஸ் எங்கக்கா? எடுத்துப் போட்டுக்கறேன்” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாலும், துணிக்கு அடியில் தெரிந்த கறுப்பு மூலையை அவர் கண்டுபிடித்துவிட்டார். பெரியப்பாவிடம் மிகப் பணிவாக, “சார், கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்களா? கச்சேரிக்கு டைம் ஆச்சு” என்றார்.

பெரியப்பா எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, நான் எதுமேலதான் குந்தியிருந்தேன்?”

அத்தை துணியை விலக்கினாள். “இது பேஸ் ஆம்ப்புங்க. என்னோடதுதான். கச்சேரில வாசிக்கிறேன்” என்றாள். குரலில் நடுக்கமில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே, “அப்ப ஒரு பாட்டு வாசிம்மா, கேக்கலாம்” என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் பாடச் சொல்வது வழக்கம்தானே. ஆனால் பேஸ் கிடாரில் தனியாக என்ன பாட்டு வாசிப்பது? மற்றவர்கள் பாட்டை வாசிப்பார்கள். இவள் அதற்கு அடியில் தரை போடுவாள். அத்தை கிடாரை எடுத்துவந்து பெட்டியில் சொருகி, குமிழைத் திருப்பி, ஒரு பழைய காதல் பாட்டுக்கான தன் பகுதியை வாசித்தாள். தும், தும், தும் என்று அறை அதிர்ந்தது. தட்டில் இருந்த காபி டம்ளர்கள் கிணுகிணுத்தன. வந்தவர்கள் பாட்டு எப்போது தொடங்கும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

“பாட்டு எங்கடி? கெணத்து மோட்டாருல்ல ஓடுது” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார் மாப்பிள்ளையின் சித்தி. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பாதியில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அப்பா பாடத் தொடங்கினார்.

அதற்கு முன் அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது என்று முதல் வரியிலேயே புரிந்தது. உலோகம் வார்க்கும் கம்பெனியில் வருடக்கணக்காகக் கத்திப் பேசிய தொண்டை. மேலே போக வேண்டிய இடத்தில் அது கீழே போயிற்று. ஆனால் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே சரியாகத் தொடங்கினார். எங்கே நிறுத்தி அத்தையின் விரலுக்கு வழிவிட வேண்டுமோ அங்கே நிறுத்தினார். அவர் வாய் திறந்ததும் தும் தும் என்பது திடீரென்று பாட்டாகிவிட்டது. பெரியப்பா தொடையில் தாளம் போட்டார். அத்தை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். பார்த்தபடியே சரணத்துக்குப் போனாள். அவரும் போனார்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வந்தவர்கள் முன்னால் இப்படியா பாடுவார்கள் என்று பூச்சாடிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “எல்லாம் சரிதான். கல்யாணத்துக்கு அப்புறம் மேடையெல்லாம் சரிப்படாது. நிறுத்திக்கும்ல?” என்று அப்பாவைக் கேட்டார். நிறுத்திக்கொள்கிறேன் என்று அத்தை காலையில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும்.

“அது அவ இஷ்டங்க. நாங்க நிறுத்தச் சொல்ல மாட்டோம்” என்றார் அப்பா. பிறகு, “இப்ப கெளம்பணும், தப்பா எடுத்துக்காதீங்க” என்று குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிடித்துக்கொள்ள மாப்பிள்ளை பாதி எழுந்தார். அவருடைய அம்மா திரும்பிப் பார்த்ததும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் அவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவைத்தாள். அப்பாவோடு நானும் டெம்போவில் ஏறினேன். பாகலூர் சாலையில் போகும்போது அத்தை அழுதாள். “ஏண்ணா இப்படிப் பண்ணுன? நாந்தான் விட்டுடறேன்னு சொன்னேன்ல?” என்று பலமுறை கேட்டாள். அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், “பகல்ல தூக்கம் வராதப்பல்லாம் நீ வாசிக்கிறதத்தான் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்” என்றார். அத்தை மேலும் அழுதாள். அதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வந்த விருந்தாளிகளை விட்டுவிட்டு வந்ததற்காக அப்பாமேல் எனக்கும் கோபம்தான்.

மண்டபத்தில் அத்தை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். அதுவரை எந்தக் கச்சேரிக்கும் வராத அப்பா, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மைக்செட்காரர் வந்து சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். “குமிழு அதுகிட்ட இருக்குதுங்க, அதக் கேளுங்க” என்றார் அப்பா, அத்தையைக் காட்டி. தமிழ்ப் பாட்டு, கன்னடப் பாட்டு, தெலுங்குப் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போனது கச்சேரி. எந்த மொழிப் பாட்டானாலும் அப்பாவின் பாதம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்காரர் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது அத்தை, “இப்ப இல்லண்ணா” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல், அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தான் பேசுவதாக அப்பா சொன்னதற்கு, வேண்டாம், நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவளோடு நானும் ஒடுங்கி நின்றேன். “அண்ணன் மேல தப்பில்லைங்க. நாந்தான் மறைச்சேன், மன்னிச்சுக்கங்க. வாசிக்கிறத விடறதா இல்ல. அது தெரிஞ்சு உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்” என்றாள். எதிர்ப்பக்கம் நீண்ட நேரம் பேசியது. அத்தை சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“யோசிச்சுச் சொல்றாங்களாம்.”

அப்படிச் சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதனால் அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். முன்னால் ஓடிப் போய், அவங்க யோசிக்கிறாங்களாம் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கத்திச் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா என்னை மடியில் இழுத்து உட்கார்த்தி, “நல்லா யோசிக்கட்டும்மா” என்றார். முடிவு தெரிய எத்தனை நாள் ஆகும் என்று நான் அவரைக் கேட்டேன்.